அவஸ்தைப்பூசுதலும் நோயிற்பூசுதலும்

தமிழ் பேசும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுள் வயது முதிர்ந்தோர் 'அவஸ்தைப்பூசுதல்' என்ற சொல்லை நன்கு அறிவர். அவஸ்தை என்னும் வடசொல்லுக்கு நிலை என்பதே முதற்பொருள். ஆயினும் தமிழில் அது துன்பநிலையையும், சிறப்பாக உயிர் பிரியும் வேளையின் போராட்டத்தையும் குறிக்கலாயிற்று. எனவே அவஸ்தைப்பூசுதல் என்றவுடன், சாகக் கிடப்பவருக்குக் குருவானவர் வந்து எண்ணெய் பூசும் சடங்கு என்பதே கேட்போர் மனத்தில் எழும். இன்று அச்சபையில் 'நோயிற்பூசுதல்' என்ற சொல் அதனிடத்தைப் பெற்றுள்ளது. சாவின் பெயரைத் தாங்கியிருந்த சடங்கு நோயின் பெயரைத் தாங்கலாயிற்று. இம்மாற்றம் ஏதோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தால் நேர்ந்ததன்று. பல நூற்றாண்டுகளாக ஒரே திசையில் சென்ற ஒரு சபை, தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்ததன் விளைவு அது.

சீர்திருத்த மரபில் வந்த நமக்கு இவ்வரலாறு பிறர் வீட்டுச் செய்தியாகத் தோன்றலாம். திருவருட்சாதனங்கள் இரண்டே என்று ஞானோபதேச வினாவிடையில் கற்றவர்கள் நாம். எனினும் யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம் நம் வேதாகமத்திலும் இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த 1715ஆம் ஆண்டு முதல் அது தமிழில் அச்சில் இருந்து வருகிறது. அதை வைத்து நாம் என்ன செய்தோம் என்ற கேள்வியும் இவ்வரலாற்றிற்குள் அடங்கியதே. ஆகவே இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு இதனைக் காண முற்படுவோம். எண்ணெய் எப்போது பூசப்பட்டது? அதைப் பூசியவர் யார்?

யாக்கோபு கூறுவது மிகச் சுருக்கமானது. சபையில் ஒருவர் நோயுற்றால் அவரே சபையின் மூப்பர்களை அழைப்பிக்க வேண்டும். அவர்கள் ஆண்டவரின் பெயரால் எண்ணெய் பூசி அவருக்காக மன்றாட வேண்டும். விசுவாசத்தோடு செய்யப்படும் மன்றாட்டு நோயாளியை இரட்சிக்கும், ஆண்டவர் அவரை எழுப்புவார், அவர் பாவம் செய்தவராயிருந்தால் அதற்கும் மன்னிப்பு உண்டு. இதில் சாவைப்பற்றிய பேச்சே இல்லை என்பது நோக்கத்தக்கது. நோயாளி ஆளனுப்பி மூப்பர்களை வரவழைக்கும் அளவிற்கு நினைவோடு இருக்கிறார். வருகிறவர்கள் பலர், ஒருவரல்லர். அதற்கு அடுத்த வசனமோ குற்றங்களை ஒருவரிடம் ஒருவர் அறிக்கையிடவும், ஒருவருக்காக ஒருவர் மன்றாடவும் சபையார் அனைவரையும் ஏவுகிறது.

இங்கு வரும் இரண்டு கிரேக்க வினைச்சொற்கள் பின்வந்த வரலாறு முழுவதையும் தம்முள் அடக்கியுள்ளன. 'சோஸோ' என்பது இரட்சித்தலையும் குறிக்கும், உடல்நலம் தருதலையும் குறிக்கும். பெரும்பாடுள்ள பெண் குணமடைந்தபோது மாற்கு எழுதும் சொல் அதுவே. 'எகெய்ரோ' என்பது பேதுருவின் மாமியைப் படுக்கையிலிருந்து எழுப்பியதற்கும் வழங்குகிறது, கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்ததற்கும் வழங்குகிறது. எபிரெய மரபில் வளர்ந்த யாக்கோபுக்கு உடலின் நலமும் ஆன்மாவின் நலமும் இரண்டு கணக்குகளல்ல. இலத்தீன் வேதாகமம் முதற்சொல்லை இரட்சித்தல் என்றே வைத்துக்கொண்டது. இரண்டாவதற்கோ, பாரத்தைக் குறைத்து ஆறுதலளித்தல் என்று பொருள்படக்கூடிய ஒரு சொல்லை இட்டது. படுக்கையை விட்டு எழுப்புதல் ஆறுதலளித்தலாக மெலிந்தது. இதனை எவரும் வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் நோயாளி எழுந்திராமலே போனாலும் வாக்குத்தத்தம் நிறைவேறியது என்று கூறுவதற்கு இடைக்கால மேற்குத் திருச்சபைக்கு அச்சொல் வழிவிட்டது.

எண்ணெய் அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் இருந்த மருந்து. நல்ல சமாரியன் காயங்களில் வார்த்தது எண்ணெயும் திராட்சரசமும். பன்னிருவரும் ஊழியத்திற்குச் சென்றபோது நோயாளர் பலருக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கினர் என்று மாற்கு ஆறாம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே யாக்கோபு புதியதொரு பொருளைச் சபைக்குள் கொண்டுவரவில்லை. வீட்டு மருந்தையே ஆண்டவரின் பெயரோடு சேர்த்தார்.

முதல் எண்ணூறு ஆண்டுகளில் நமக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் எண்ணெயை மந்திரிக்கும், அதாவது ஆசீர்வதிக்கும், ஜெபங்களே. பூசும் முறையைப்பற்றியவை அல்ல. மூன்றாம் நூற்றாண்டின் உரோமாபுரியோடு தொடர்புபடுத்தப்படும், இப்பொலித்துவின் பெயரால் வழங்கும் 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்ற நூலில், திருவிருந்தின் முடிவில் மக்கள் கொண்டுவரும் எண்ணெய்க்கான ஒரு ஜெபம் உண்டு. அதைச் சுவைப்போருக்கு வலிமையும் பயன்படுத்துவோருக்கு உடல்நலமும் வேண்டப்படுகின்றன. அதனையடுத்துப் பாலாடைக்கட்டிக்கும் ஒலிவப் பழங்களுக்கும் ஜெபங்கள் வருகின்றன! வழிபாடும் அடுப்பங்கரையும் அவ்வளவு அருகருகே இருந்தன. நான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுத் துமுயிஸ் நகரின் பேராயர் செரபியோனின் பெயரைத் தாங்கிய ஜெபத் தொகுப்பிலும் நோயாளருக்கான எண்ணெய் அப்பத்தோடும் தண்ணீரோடும் சேர்த்தே ஆசீர்வதிக்கப்படுகிறது. மந்திரித்தவர் பேராயர். வீட்டிற்கு எடுத்துச் சென்றவர்கள் மக்கள்.

இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டும் ஆவணம் கி.பி. 416ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எழுதப்பட்டது. இத்தாலி நாட்டுக் குப்பியோ நகரின் பேராயர் தெச்சென்சியுஸ் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். யாக்கோபு மூப்பர்களைத்தானே குறிப்பிடுகிறார், அப்படியாயின் பேராயர் பூசலாமா என்பது கேள்வி. உரோமைப் பேராயராகிய முதலாம் இன்னொசென்ட் இதற்கு ஏறத்தாழச் சலிப்போடு விடையளித்தார். பேராயருக்கு வேறு அலுவல்கள் இருப்பதால் எல்லா நோயாளரிடமும் செல்ல இயலாது என்பதற்காகவே மூப்பர்கள் குறிப்பிடப்பட்டனர். எண்ணெயை ஆசீர்வதிப்பவரே அதைப் பூசக்கூடாது என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். போகிற போக்கில் அவர் சொன்ன மற்றொரு செய்திதான் நமக்கு முக்கியமானது. பேராயர் ஆசீர்வதித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமன்றிக் கிறிஸ்தவர் யாவரும் தம் தேவைக்கும் தம்மைச் சார்ந்தோர் தேவைக்கும் பயன்படுத்தலாம் என்றார் அவர். பிற்காலக் கத்தோலிக்க அறிஞர் சிலர், 'பயன்படுத்துதல்' என்றால் குருவின் கையால் பெற்றுக்கொள்ளுதல் என்று இதற்குப் பொருள் கூற முயன்றனர். குருக்கள் மட்டுமன்றி என்ற முற்பகுதியோடு அவ்விளக்கம் ஒட்டவில்லை.

ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர், பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் ஆர்ல் நகரின் பேராயராயிருந்த செசாரியுஸ் தம் பிரசங்கங்களில் இதே நடைமுறையை நமக்குக் கண்முன் நிறுத்துகிறார். அவருடைய மக்கள் நோய் வந்தால் குறிகாரரிடமும், ஊற்றுகளிடமும், மரங்களிடமும் ஓடினர், தாயத்துக் கட்டினர். ஞானஸ்நானம் பெற்ற தாய்மார் ஏன் அங்கு ஓட வேண்டும், கோயிலுக்கு வந்து திருவிருந்தில் பங்குபெற்று, ஆசீர்வதித்த எண்ணெயைத் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் பூசிக்கொள்ளலாகாதா என்று அவர் கேட்கிறார். நம் நாட்டுக் கிராமச் சபைகளில் பணியாற்றிய எந்தப் போதகருக்கும் இப்பிரசங்கம் அந்நியமாயிராது.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் துறவி பீட் யாக்கோபின் நிருபத்திற்கு விரிவுரை எழுதியபோதும் இன்னொசென்டின் கருத்தை எடுத்துரைத்தார். அவர் 735ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. சார்லமேன் பேரரசின் காலத்துச் சபைச் சீர்திருத்தங்கள் குருக்களின் கடமைகளை வரையறுத்தன. எண்ணெய் பூசுதல் குருக்களுக்கு உரிய பணியாயிற்று, மக்கள் தாமே பூசிக்கொண்ட வழக்கம் மறைந்தது. அதுமட்டுமன்று. நோயாளிக்குரிய சடங்கு சாகிறவருக்குரிய சடங்காக மாறத்தொடங்கியதும் இக்காலத்திலேதான்.

அதற்குக் காரணம் எண்ணெயில் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் இருந்தது. பண்டைய சபையில் பெரும்பாவங்களுக்கான பகிரங்கத் தவம் வாழ்நாளில் ஒரே முறை அளிக்கப்பட்டது. அதை ஏற்றவர் மன்னிப்புப் பெற்ற பின்னரும் இல்லற உறவைத் துறத்தல், படைத்தொழிலைக் கைவிடுதல் முதலிய கட்டுப்பாடுகளைச் சாகும்வரை சுமக்க வேண்டியிருந்தது. இதற்கு அஞ்சி மக்கள் தவத்தைக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போட்டனர். மறுபுறம், தவநிலையில் இருப்பவருக்கு எண்ணெயைத் தரலாகாது, அதுவும் ஒருவகைத் திருவருட்சாதனமே என்று அதே 416ஆம் ஆண்டுக் கடிதத்தில் இன்னொசென்ட் எழுதியிருந்தார். ஆகவே பாவமன்னிப்பு முன்னும் எண்ணெய் பின்னுமாக வர வேண்டும் என்றாயிற்று. முன்னது சாவுப் படுக்கைக்குச் சென்றபோது பின்னதும் அதனோடு சென்றது. மக்கள் கையில் எண்ணெயைக் கொடுத்த அதே கடிதத்தின் மற்றொரு வரி, அதனைச் சாவோடு பிணைக்க உதவியது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பூசப்பட்ட உறுப்புகளும் மாறின. ஒன்பதாம் நூற்றாண்டுச் சடங்குமுறைகளில், எங்கு வலி மிகுதியோ அங்கு பூச வேண்டும் என்ற குறிப்பு உண்டு. மூட்டு வலித்தால் மூட்டில், நெஞ்சு வலித்தால் நெஞ்சில். பின்வந்த நூற்றாண்டுகளில் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்ற வரிசை நிலைபெற்றது. இவை வலிக்கும் இடங்களல்ல, பாவம் நுழையும் வாயில்கள். ஒவ்வோர் உறுப்பைத் தொடும்போதும், பார்வையால் செய்த பாவத்தை ஆண்டவர் மன்னிப்பாராக, கேள்வியால் செய்த பாவத்தை மன்னிப்பாராக என்ற முறையில் ஜெபங்கள் அமைந்தன. குணமாக்கும் வேண்டுதல் ஒதுங்கிற்று. வரிசையும் மாறியது. முன்பு எண்ணெய் பூசிய பின்னரே இறுதித் திருவிருந்து அளிக்கப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் எண்ணெய் கடைசிக்குத் தள்ளப்பட்டது. 'இறுதிப் பூசுதல்' என்ற இலத்தீன் பெயர் அப்போதுதான் வேரூன்றிற்று.

இறையியலாளர் அப்பெயருக்கு விளக்கம் தேடினர். 1160ஆம் ஆண்டில் மறைந்த பேதுரு லொம்பார்து திருவருட்சாதனங்களை ஏழெனக் கணக்கிட்டு, இதனை ஐந்தாவதாக வைத்தார். தோமா அக்குவினா, பாவம் விட்டுச் சென்ற எச்சங்களை நீக்கி ஆன்மாவை மகிமைக்கு ஆயத்தப்படுத்துவதே இதன் பயன் என்றார். தூன்ஸ் ஸ்கோத்துஸ் இன்னும் ஒரு படி சென்றார். சிறுபாவங்கள் முழுவதும் நீங்குவதே பயனாயின், மீண்டும் பாவம் செய்ய இயலாத நிலையை அடைந்தவருக்கே இதனை அளிப்பது பொருத்தம் என்பது அவர் முடிவு. தர்க்கம் குறையற்றது. ஆனால் யாக்கோபின் நோயாளி மூப்பர்களை அழைத்தார். ஸ்கோத்துவின் நோயாளிக்கோ வாய் திறக்கவும் வலுவில்லை.

இதற்கிடையில் மக்கள் தங்களுக்குரிய இறையியலை வகுத்துக்கொண்டனர். எண்ணெய் பூசப்பட்டவர் பிழைத்தெழுந்தால் அவர் பாதி செத்தவர், இனி மனைவியோடு வாழலாகாது, இறைச்சி உண்ணலாகாது, வெறுங்காலால் நடக்கலாகாது என்ற நம்பிக்கை பரவிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மறைமாவட்டச் சட்டங்கள் இதனைக் கண்டித்துள்ளமையால் நம்பிக்கை எவ்வளவு வலுவாயிருந்தது என்பது விளங்கும். பேராயர்கள் மக்களைக் கடிந்தார்களேயன்றி, அவர்களை இவ்வாறு எண்ணவைத்த சடங்குமுறையை மாற்றவில்லை. 1439ஆம் ஆண்டில் புளோரன்ஸ் சங்கம் ஆர்மீனியருக்கு அளித்த ஆணையில், சாவு நேருமென்று அஞ்சப்படும் நோயாளிக்கன்றி மற்றவருக்கு இதனைத் தரலாகாது என்று எழுதப்பட்டது.

கீழைத் திருச்சபைகள் இவ்வழியில் செல்லவில்லை என்பதை இங்கு குறிப்பிடுவது நலம். கிரேக்க மரபில் முழுமையான முறைப்படி ஏழு குருக்கள் கூடி இச்சடங்கை நிறைவேற்றுவர். பரிசுத்த வாரத்தின் புதன்கிழமையன்று கோயிலுக்கு வரும் விசுவாசிகள் அனைவருக்கும் எண்ணெய் பூசுவதும் உண்டு. அங்கு அது சாவின் சடங்காக ஒருபோதும் ஆகவில்லை.

1520ஆம் ஆண்டில் லுத்தர் 'திருச்சபையின் பாபிலோன் சிறையிருப்பு' என்ற நூலை வெளியிட்டபோது இச்சடங்கிற்குத் தனிப்பகுதி ஒதுக்கினார். யாக்கோபின் நிருபம் ஓர் அப்போஸ்தலரின் ஆவிக்கு ஏற்றதா என்ற அவருடைய ஐயம் யாவரும் அறிந்ததே. அப்போஸ்தலரே எழுதியிருந்தாலும் திருவருட்சாதனத்தை ஏற்படுத்தும் அதிகாரம் கிறிஸ்துவுக்கே உரியது என்றார். ஆனால் அவர் வாதத்தின் வலிமை வேறிடத்தில் உள்ளது. யாக்கோபு நோயாளி எவரையும் குறிக்கிறார், நீங்களோ சாகிறவருக்கு மட்டுமே பூசுகிறீர்கள். யாக்கோபு எழுந்திருப்பதை வாக்களிக்கிறார், நீங்களோ எழுந்திருக்க மாட்டார் என்று உறுதியான பின்னரே வருகிறீர்கள். திருவருட்சாதனம் தான் குறிப்பதை நிறைவேற்றும் அடையாளம் என்று கூறும் நீங்கள், ஆயிரத்தில் ஒருவரும் எழுந்திராத ஒன்றை எப்படி அவ்வாறு அழைக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. இதனைச் சடங்காக வைத்துக்கொள்ள அவர் தடைசொல்லவில்லை. 1545ஆம் ஆண்டில், தம் மரணத்திற்கு முந்தின ஆண்டில், மனநோயால் வாடிய ஒருவரைப்பற்றிக் கேட்ட போதகருக்கு அவர் எழுதிய கடிதம் இன்னும் கவனிக்கத்தக்கது. உதவிக்குருவையும் நல்லவர் இரண்டு மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு அவரிடம் செல்லும்படியும், அவர்மேல் கைகளை வைத்து மன்றாடும்படியும் அவர் வழிகாட்டினார். எண்ணெய் இல்லை, ஆனால் மூப்பர்களும் உண்டு, கையும் உண்டு.

கால்வின் கடுமையாகவே எழுதினார். குணமாக்கும் வரம் அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்தது. வரம் போன பின்னர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது நாடகமேயன்றி வேறல்ல என்றார். பவுல் மரித்த இளைஞன்மேல் விழுந்து அணைத்து உயிர்ப்பித்தாரே, அதையும் ஏன் சாதனமாக்கவில்லை என்று ஏளனம் செய்தார். இன்னொசென்டின் கடிதம் அவருக்குத் தெரியும். கிறிஸ்தவர் யாவரும் எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்ற அவ்வாக்கியத்தை உரோமைச் சபைக்கு எதிராக நன்றாகவே எடுத்தாண்டார். ஆயினும் அதிலிருந்து கிடைத்திருக்கக்கூடிய மற்றொரு முடிவுக்கு, அதாவது எண்ணெயை மக்களிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்பதற்கு, அவர் வரவில்லை. வரம் ஓய்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். நோய் ஓயவில்லையே. யாக்கோபு குணமாக்கும் வரம் பெற்றவரை அழைக்கச் சொல்லவில்லை, மூப்பரை அழைக்கச் சொன்னார் என்பதைத் தேர்ந்த உரையாசிரியராகிய கால்வின் கடந்து சென்றதை நாம் குறையென்றே கூற வேண்டும்.

இங்கிலாந்தில் 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபநூல், நோயாளி விரும்பினால் நெற்றியிலோ மார்பிலோ மட்டும் சிலுவை அடையாளமிட்டுப் பூச இடமளித்தது. அதன் ஜெபம் உடல்நலத்தையும் வெளிப்படையாக வேண்டிற்று. மார்ட்டின் பூட்சர் இதற்கு மறுப்புத் தெரிவித்தார். 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகள் வாழ்ந்த ஒரு சீர்திருத்தம் அது.

அதற்கிடையில், 1551ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் திரெந்து சங்கம் தன் பதினான்காம் அமர்வில் விடையளித்தது. இச்சாதனத்தை ஏற்படுத்தியவர் கிறிஸ்துவே. மாற்கில் அது குறிப்பாகக் காட்டப்பட்டுள்ளது, யாக்கோபினால் அறிவிக்கப்பட்டது என்றது. மூப்பர் என்பது வயதில் மூத்தோரையோ சபையின் தலைமக்களையோ குறிக்காது, பேராயரால் குருப்பட்டம் பெற்றவரையே குறிக்கும் என்றும், வேறுவிதமாகச் சொல்வோர் சபிக்கப்பட்டோர் என்றும் நான்காம் விதி கூறிற்று. 'யார்' என்ற கேள்விக்கு இவ்வாறு தாழிடப்பட்டது. 'எப்போது' என்ற கேள்வியிலோ ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. முன்வரைவில், வாழ்வின் முடிவை எட்டியவருக்கு 'மட்டுமே' என்றிருந்தது. இறுதி வடிவில் அது 'சிறப்பாக' என்று திருத்தப்பட்டது. ஆன்மாவின் நலத்திற்கு ஏற்றதாயின் சில வேளைகளில் உடல்நலமும் கிடைக்கும் என்றும் சேர்த்தனர். அந்த ஒரு சொல் மாற்றத்தால் கதவு முழுவதும் சாத்தப்படாமல் நின்றது. எனினும் அடுத்த நானூறு ஆண்டுகளில் அதன் வழியே உள்ளே சென்றவர் சிலரே. நடைமுறை முன்வரைவின்படியே நடந்தது.

அந்நடைமுறைதான் தமிழகத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் வந்து 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பெயரைப் பெற்றது. மொழிபெயர்த்தவர்கள் உண்மையையே பெயர்த்தார்கள். இலத்தீனிலும் அது அவஸ்தையின் சடங்காகத்தான் இருந்தது. அதன் விளைவைக் கத்தோலிக்க நண்பர்களின் இல்லங்களில் கண்டவர் பலர். குருவானவரை அழைத்தால் நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார் என்று அஞ்சி, நினைவு தப்பும்வரை வீட்டார் காத்திருப்பர். நாம் இதைக் கண்டு நகைப்பதற்கு உரிமை பெற்றவர்களல்லர். நம் சபைகளிலும் போதகர் திருவிருந்துப் பாத்திரங்களோடு ஒரு வீட்டிற்குள் நுழைந்தால், அந்த ஐயா போகப்போகிறார் போலும் என்று அண்டை வீட்டார் பேசிக்கொள்வதுண்டு. எண்ணெயை எடுத்துவிட்டோம், அதனிடத்தில் இராப்போஜனத்தை அவஸ்தைச் சடங்காக்கிவிட்டோம்.

இருபதாம் நூற்றாண்டில் கத்தோலிக்க அறிஞர் பழைய ஆவணங்களை மீண்டும் ஆராயத் தொடங்கினர். 1942ஆம் ஆண்டில் அந்துவான் ஷவாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், மூன்றாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை இலத்தீன் சபையில் நோயாளருக்கு எண்ணெய் பூசிய வரலாற்றை ஒரு பெரிய ஆய்வாக வெளியிட்டார். பழைய ஜெபங்கள் உடல்நலத்தையே முதன்மையாக வேண்டின என்பதை அவ்வாய்வு தெளிவாக்கிற்று. இத்தகைய உழைப்பின் பயன் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் தெரிந்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளிவந்த திருவழிபாட்டுச் சாசனத்தின் 73ஆம் பிரிவு, 'இறுதிப் பூசுதல்' என்பதை 'நோயிற்பூசுதல்' என்றழைப்பதே மேலும் பொருத்தம் என்றும், அது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும், நோயாலோ மூப்பாலோ ஆபத்துத் தொடங்கும்போதே அதற்கு ஏற்ற காலம் வந்துவிட்டது என்றும் கூறியது. அடுத்த பிரிவு பழைய வரிசையை மீட்டது. இனி எண்ணெய் முதலில், இறுதித் திருவிருந்து பின்னர்.

1972ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் போப்பு ஆறாம் பவுல் புதிய முறையை நிறுவினார். ஐம்புலன்களின் வரிசை போயிற்று. நெற்றியிலும் கைகளிலும் மட்டும் பூசப்படுகிறது. ஒவ்வொரு புலனின் பாவத்தையும் கூறிய ஜெபம் நீங்கி, பரிசுத்த ஆவியின் அருளையும், யாக்கோபின் இரட்சித்தலையும் எழுப்புதலையும் நினைவூட்டும் ஜெபம் வந்தது. அதன் இலத்தீன் வடிவில் இன்னும் 'ஆறுதலளித்தல்' என்ற பழைய சொல்லே நிற்கிறது. ஆங்கில வடிவம் 'எழுப்புதல்' என்று கிரேக்கத்திற்கே திரும்பிவிட்டது. மற்றொரு மாற்றம் நம் போன்ற நாடுகளுக்கு உரியது. அதுவரை ஒலிவ எண்ணெய் மட்டுமே ஏற்கப்பட்டது. அது கிடைப்பதற்கரிய நாடுகளின் பேராயர்கள் வேண்டிக்கொண்டதால், தாவரங்களிலிருந்து எடுக்கப்படும் பிற எண்ணெயும் பயன்படலாம் என்று போப்பு இசைந்தார். வீட்டு மருந்தாயிருந்த பொருள் தேசந்தோறும் மீண்டும் வீட்டுப் பொருளாகக் கூடியதாயிற்று.

லுத்தர் 1520இல் யாக்கோபின் வாசகத்தைக் காட்டிக் கேட்ட கேள்விக்கு இவ்வாறு 452 ஆண்டுகள் கழித்து விடை வந்தது எனலாம். 'எப்போது' என்பதில் உரோமைச் சபை, சீர்திருத்தவாதிகளின் வேத விளக்கத்தை அவர்கள் பெயரைக் குறிப்பிடாமலே ஏற்றுக்கொண்டது. அதற்காக நாம் பெருமைகொள்ளுமுன் நம் கையையும் பார்க்க வேண்டும். ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1920ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டில் குணமாக்கும் ஊழியத்தை ஆராயக் குழு அமைத்தனர். 1935ஆம் ஆண்டில் கேன்டர்பரி மாகாணம் எண்ணெய் பூசுவதற்கும் கைவைத்து ஜெபிப்பதற்கும் ஒரு தற்காலிக முறையை ஏற்றது. அமெரிக்க லுத்தரன் சபைகள் 1982ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் அதற்கு இடமளித்தன. அதாவது நாமும் மெதுவாகவே திரும்பினோம். நம் முதன்மைச் சபைகள் பல தயங்கி நின்ற இடத்தைத் தமிழகத்தில் பெந்தெகொஸ்தே சபைகளும் தனி ஊழியர்களும் நிரப்பினர். எண்ணெய்க் குப்பிகளை ஆசீர்வதித்து வழங்கும் கூட்டங்களை நாம் குறைகூறுவது எளிது. ஆனால் யாக்கோபு மேடையை அறியார், மூப்பர்கள் நோயாளியின் வீட்டிற்குச் செல்வதையே அறிவார் என்று அவர்களுக்கு எடுத்துச்சொல்ல, அவ்வாறு சென்றுவந்த மூப்பர்கள் நம்மிடம் இருக்க வேண்டுமல்லவா?

'யார்' என்ற கேள்வி உரோமைச் சபையில் இன்னும் திரெந்து சங்கம் விட்ட இடத்திலேயே உள்ளது. 1983ஆம் ஆண்டுச் சபைச் சட்டத்தொகுப்பின் 1003ஆம் விதி, குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே இதனை நிறைவேற்ற முடியும் என்கிறது. மருத்துவமனைகளில் நோயாளரைச் சந்திக்கும் துறவற சகோதரிகளும் பொதுநிலையினரும் பூசலாமா என்ற பேச்சு எழுந்தபின், 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதனை மீண்டும் உறுதிசெய்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்று பரவியபோது இக்கேள்வி நோயாளியின் அறைக்குள்ளேயே வந்து நின்றது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு மறைமாவட்டத்தின் ஆயர் ஓர் அனுமதி வழங்கினார். குருவானவர் அறைக்கு வெளியே நின்றோ தொலைபேசி வழியாகவோ ஜெபத்தைச் சொல்ல, எண்ணெயில் தோய்த்த பஞ்சைச் செவிலியர் உள்ளே எடுத்துச் சென்று நோயாளிக்குப் பூசலாம் என்பதே அது. சில நாள்களுக்குள் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அம்மறைமாவட்டத்தில் நோயிற்பூசுதலே அப்போதைக்கு நிறுத்திவைக்கப்பட்டது. செவிலியர் மட்டும் தம் பணிக்காக அந்த அறைகளுக்குள் தொடர்ந்து சென்றுவந்தனர்.